ரைட் கியர் புல்லட்: நாம் அழுதது எதற்காக?

#1 ஆம்ப்மீட்டர்

சனிக்கிழமை டீக்கடை வாசலில் என் பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டை, வார்ப்பிரும்பு எஞ்சின் வைத்த காஸ்ட் அயர்ன் 350ஐ, நிறுத்திவிட்டு நின்றிருந்தேன். பக்கத்தில் அதே கம்பெனியின் புத்தம்புது கிளாசிக்கில் ஒரு கல்லூரிப் பையன் வந்து இறங்கினான். என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள், கியர் ஏன் பிரேக் இருக்கிற பக்கம் இருக்கு?" என்றான். "கியர் அதே இடத்தில்தான் இருக்கு தம்பி, பிரேக்தான் உங்க வண்டியில் அந்தப் பக்கம் போய்விட்டது" என்றேன். சிரித்தான்.

ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னான். சாவியைப் போட்டேன். கிக்கரை மெதுவாக அழுத்தி, கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தேன். சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு துளி நகர்த்தினேன். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஒரே மிதி. தட்... தட்... தட். பையன் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை. "தினமும் இவ்வளவு செய்யணுமா?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்வி மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது. 2002இல் தண்டர்பேர்ட் இடது கியரோடும் ஐந்து கியரோடும் வந்தபோது நம் கூட்டம் முகம் சுளித்தது. பிறகு எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் போன யூசிஇ எஞ்சின் வந்து, காஸ்ட் அயர்ன் தயாரிப்பு நின்றபோது துக்கம் கொண்டாடினோம். 2020இல் மீட்டியோர், 2021இல் புதிய கிளாசிக், 2023இல் புல்லட்டே என்று ஒவ்வொன்றாக ஜே என்ற அடுத்த தலைமுறை எஞ்சினுக்குப் போனது. கிக்கரும் காணாமல் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் "இத்தோடு புல்லட் செத்தது" என்று எழுதினோம். ஒவ்வொரு தடவையும் விற்பனை ஏறியது. 2010இல் வருடத்துக்கு 50 ஆயிரம் சொச்சம் விற்ற கம்பெனி 2024–25 நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அப்படியென்றால் நாம் எதற்காக அழுதோம்? நாம் குணம் என்று சொன்னவை எல்லாம் குறைகள்தானா? மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள்.

#2 ஸ்பேனர்12

அண்ணே, மனசாட்சியோடு சொல்கிறேன். உங்களுக்கு அது ரசனை, எனக்கு அது சோறு. பாயிண்ட் கேப் (தீப்பொறிக்கான முனைகளின் இடைவெளி) வைக்க வருவார்கள், டேப்பெட் (வால்வு இடைவெளி) வைக்க வருவார்கள், செயின் பக்கத்து கேஸில் ஆயில் பார்க்க வருவார்கள். ஆயில் கசியவில்லை என்றால் உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தம் என்பது மெக்கானிக்குகளின் பழைய கிண்டல். யூசிஇயில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் போட்டார்கள், அந்த வேலை போச்சு. எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது, பாயிண்ட் வேலையும் போச்சு. ஆனால் ஒன்று. அந்தக் காலத்தில் வண்டி கொண்டுவருகிறவர் வாசலிலேயே, "டேப்பெட் சத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்கு, எக்ஸாஸ்ட் பக்கம்தான்னு நினைக்கிறேன்" என்பார். இப்போது, "ஏதோ சத்தம் வருது, பாருங்க" என்கிறார்கள். வண்டி நல்லதாகிவிட்டது, வண்டிக்காரர் காது மங்கிவிட்டது.

#3 புதுவண்டி

நிஜமாகவே கியர் வலது காலிலா இருந்தது? எமர்ஜென்சியில் எப்படி பிரேக் பிடிப்பீர்கள்?

#4 பழைய_இரும்பு

இடது காலால் பிடிப்போம் தம்பி. கடவுள் இரண்டு கால் கொடுத்திருக்கிறார்.

#5 வரைபலகை

பொருள் வடிவமைப்பு என் தொழில் (வாகனம் இல்லை, வீட்டு உபயோகச் சாமான்கள்). அதனால் இதைக் கொஞ்சம் வேறு கோணத்தில் பார்க்கிறேன்.

முதலில் ரைட் கியர் விஷயத்தை ரசனைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும். வலது காலில் கியர் என்பது பிரிட்டிஷ் வழக்கம். இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் உருவான வண்டி அது. 1955இல் மெட்ராஸுக்கு வந்தபோது வழக்கமும் கூடவே வந்தது. 1970களில் ஜப்பான் வண்டிகள் உலகத்தை நிறைத்தன. அமெரிக்கா 1975 மாடலிலிருந்து இடது கியர்தான் என்று சட்டமே போட்டுவிட்டது. பிரிட்டிஷ் கம்பெனிகளே மாற்றிக்கொண்டன. வேறு எந்த பைக்கில் ஓட்டக் கற்றவரும் பதறும் நேரத்தில் வலது காலைத்தான் அழுத்துவார். புல்லட்டில் அந்தக் கால் கியரை மிதிக்கும். புதுவண்டி கேட்ட கேள்வியைத்தான் கம்பெனியும் கேட்டிருக்கும்.

மற்றதற்கு வருகிறேன். 2000இல் அந்தக் கம்பெனியின் நிலைமை என்ன? மாதம் சுமார் 2,000 வண்டி. மூடலாமா, விற்றுவிடலாமா என்று அதன் உரிமையாளரான ஐஷர் குழுமத்தில் பேச்சு நடந்த காலம். அப்போதுதான் சித்தார்த்த லால் 26 வயதில் பொறுப்பேற்றார். அவர் முன்னால் இரண்டு கூட்டம் நின்றது. ஒரு கூட்டம் ஏற்கெனவே புல்லட் வைத்திருந்தது, எதையும் தொடாதே என்றது. இன்னொரு கூட்டம் புல்லட்டை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போய் வேறு வண்டி வாங்கியது. முதல் கூட்டம்தான் சத்தமாகப் பேசும், கடிதம் எழுதும், கிளப் நடத்தும். ஆனால் அவர்கள்தான் ஏற்கெனவே வாங்கிவிட்டார்களே! இரண்டாவது கூட்டம் ஷோரூம் வாசலோடு திரும்பிப் போகும். ஏன் வாங்கவில்லை என்று எழுதிப்போட மாட்டார்கள். வடிவமைப்பில் கஷ்டமான வேலை அந்த மௌனத்தைக் கேட்பதுதான்.

2009 கிளாசிக்கைக் கவனியுங்கள். எஞ்சின் புதியது, கியர் இடது, பட்டன் ஸ்டார்ட் உண்டு. ஆனால் தோற்றம்? ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், ஹெட்லைட்டைச் சுற்றி அந்தப் பழைய கவசம், கண்ணீர்த்துளி டேங்க். அப்போது ஓடிக்கொண்டிருந்த புல்லட்டைவிடப் பழையதாகத் தெரிந்தது அந்தப் புது வண்டி! தெருவில் நிற்பவன் கண்ணில் படுவதை எல்லாம் இன்னும் பழமையாக்கினார்கள். ஓட்டுபவனின் காலுக்கும் கைக்கும் மட்டும் தெரிந்ததை எல்லாம் புதிதாக்கினார்கள். நீங்கள் இழந்தது முழுக்க இந்த இரண்டாவது வகை. அதனால்தான் உங்கள் துக்கம் ஊருக்குப் புரியவில்லை.

#6 டூஸ்ட்ரோக்

யமஹா ஆர்எக்ஸ் 100 பற்றி யாரும் பேச மாட்டீர்களா? 98 சிசி, 11 குதிரைத்திறன், 100 கிலோ சொச்சம் எடை. 1996இல் நிறுத்தினார்கள். இன்றைக்கும் நல்ல கண்டிஷன் வண்டி கேட்டால் சொல்லும் விலைக்குப் புது பைக்கே வாங்கிவிடலாம். ரசிகன் கேட்பது தப்பு என்றால் இது எப்படி?

#7 வரைபலகை

ரசிகன் கேட்பது தப்பு என்று சொல்லவே இல்லை. அப்படிக் கேட்பவர்கள் எண்ணிக்கை குறைவு, அந்தப் பிரியத்துக்கு ஆயுள் அதிகம். ஆனால் பழைய ஆர்எக்ஸ் கை மாறும்போது யமஹாவுக்கு ஒரு பைசா கிடைக்காது. கம்பெனி பார்ப்பது அதைத்தான்.

#8 டூஸ்ட்ரோக்

அப்புறம் ஜாவா. மைசூரில் செய்த பழைய ஜாவாவில் கிக்கரையே மடக்கிக் கியர் லீவராக்கிக்கொள்ளலாம். ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். 2018இல் புதிதாகக் கொண்டுவந்தார்கள். தண்ணீர்க் குளிர்விப்பு, ஃபோர் ஸ்ட்ரோக், எல்லாமே வேறு. ஆனால் சைலன்சர் மட்டும் இரண்டு! வரைபலகை சொன்னதேதான். கண்ணுக்குத் தெரிவது மட்டும் திரும்பி வந்தது, அந்த ரிங்ங்ங் சத்தம் வரவில்லை.

#9 நெறியாளர்

டூஸ்ட்ரோக், ஜாவாவுக்குத் தனி இழை இருக்கிறது. 140 பக்கம் போயிருக்கிறது. அங்கே உங்களை எதிர்பார்க்கிறார்கள்.

#10 ஆம்ப்மீட்டர்

வரைபலகை சார், ரைட் கியரை விட்டுக்கொடுத்தேன். சத்தத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். சத்தம் ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரிவதில்லை, தெருவுக்கே தெரியும். உங்கள் கணக்குப்படி அதைக் காப்பாற்றியிருக்க வேண்டுமே. பழைய தட்... தட்... எங்கே, இப்போதைய வண்டி போடும் முணுமுணுப்பு எங்கே?

#11 ஸ்பேனர்12

சத்தத்தைப் பற்றி நான் பேசுகிறேன், அண்ணே. இதில்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பழைய புல்லட் சத்தமான வண்டியே இல்லை. அது மெதுவான வண்டி. நீளமான பழைய சைலன்சரோடு காஸ்ட் அயர்ன் நின்று ஓடினால் பக்கத்தில் நின்று பேசலாம். அதன் அழகு ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி. அடுத்த தட்டு வருமா வராதா என்று மனசு ஒரு நொடி நிற்கும். 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் அகலம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), கனமான ஃப்ளைவீல், கம்ப்ரஷன் 6.5தான். கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்து ஐடிலை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தை, எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். அவ்வளவு இறக்கினால் ஆயில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், எஞ்சினுக்கு அது நல்லதில்லை. ஆனாலும் எல்லாரும் கேட்டார்கள், நானும் இறக்கிக் கொடுத்தேன்.

யூசிஇயிலும் அதே 70க்கு 90தான், ஆனால் கம்ப்ரஷன் 8.5. ஜேயில் 72க்கு 85.8, கம்ப்ரஷன் 9.5, புஷ் ராட் போய் மேலே கேம் வந்துவிட்டது. 2020இல் பிஎஸ் 6 புகை விதி வந்தபிறகு கார்புரேட்டருக்குப் பதிலாக ஃப்யூயல் இஞ்செக்ஷன். ஐடிலை இப்போது இசியு என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. என் ஸ்க்ரூடிரைவருக்கு அங்கே வேலை இல்லை. அதனால் இடைவெளி போய்விட்டது. கம்பெனி நினைத்தால்கூடப் பழைய மாதிரி கொடுக்க முடியாது, புகைச் சட்டம் விடாது.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். புது வண்டி எடுத்த பையன்கள் முதல் சர்வீஸ் முடிந்த உடனே வந்து, "அண்ணா, புல்லட் சத்தம் வரணும், சைலன்சர் மாத்திக் கொடுங்க" என்கிறார்கள். காது கிழிகிற மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் போலீஸ்காரரிடம் நின்று கழற்றுகிறார்கள். அவர்கள் தேடுவது பழைய புல்லட்டின் சத்தத்தை இல்லை. புல்லட் என்றால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவர்களாகக் கற்பனை செய்துகொண்ட சத்தத்தை. பழைய வண்டிக்காரர் ஒருவர்கூட என்னிடம் வந்து சத்தமாக வேண்டும் என்று கேட்டதில்லை. மெதுவாக வேண்டும் என்றுதான் கேட்பார்கள்.

#12 பழைய_இரும்பு

இந்தப் பதிவுக்காகவே இந்த இழையைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

#13 மழைத்துளி

நானும் ஒன்று சொல்லவா? கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

எங்கள் வீட்டில் காஸ்ட் அயர்ன் இருந்தது, அப்பாவுடையது. ஆம்ப்மீட்டர் அண்ணன் எழுதியிருக்கும் அந்தச் சடங்கு முழுவதும் எனக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டேன். என் தம்பிக்கு 15 வயதில் அப்பா பக்கத்தில் நின்று கிக் அடிக்கச் சொல்லிக்கொடுத்தார். எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கிக் திருப்பி அடிக்கும், கால் போயிடும், உனக்கு எதற்கு என்பார். தம்பிக்கும் கால்தானே இருந்தது.

2021இல் மீட்டியோர் எடுத்தேன். பட்டனை அழுத்தினேன், ஓடியது. யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அதிர்வைக் குறைக்கும் கவுண்ட்டர் பேலன்சர் இருப்பதால் 80இல் போனால் கை மரத்துப்போவதில்லை, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி லாரியாகவே தெரிகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியிருக்கிறேன். எடையைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். இன்றைய கிளாசிக் 195 கிலோ, பழைய வண்டி அதைவிடக் குறைவு. எடை ஒரு நாளும் பிரச்சினையாக இருந்ததில்லை.

பொதுஜனத்துக்காக வண்டியைக் கெடுத்துவிட்டார்கள் என்று நீங்கள் எல்லாரும் எழுதும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தப் பொதுஜனத்தில் நானும் ஒருத்தி. சோம்பேறித்தனத்தால் பட்டன் கேட்கவில்லை.

#14 ஆம்ப்மீட்டர்

மழைத்துளி, இரண்டு மணி நேரமாகப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். வண்டியைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். கிக் அடிக்கச் சொன்னதில்லை.

பையன் டீக்கடையில் கேட்ட கேள்வி ஏன் குத்தியது என்று இப்போது புரிகிறது. நான் காட்டியது வண்டியை இல்லை, எனக்கு ஒரு வித்தை தெரியும் என்பதை. கஷ்டப்பட்டுக் கற்றதை ஒரு பட்டனாக்கிவிட்டார்கள் என்ற வயிற்றெரிச்சல்தான் பாதி. மீதிப் பாதி நிஜமான பிரியம். அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#15 வரைபலகை

இந்த இழை போகும் திசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை.

விற்பனை ஏறியதால் மட்டும் பொதுஜனம் சரி, ரசிகன் தப்பு என்று ஆகிவிடாது. இங்கே 'பொதுஜனம்' என்று நாம் சொல்வது யாரை? நம் நாட்டில் நிஜமான பொதுஜன வண்டி ஸ்ப்ளெண்டர். 97 சிசி. முதல் கேள்வியே எவ்வளவு கொடுக்கும் என்பதுதான். அந்தக் கேள்வியில் ராயல் என்ஃபீல்டு எப்போதும் தோற்றுத்தான் போகும். புது கிளாசிக் வாங்குபவரே அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு படி விலகி வந்தவர்தான். அவரை விலகவைத்தது யார்? 30, 40 வருடம் அந்த வண்டியைக் கொஞ்சிக்கொண்டு திரிந்த நீங்கள்தான். உங்கள் காதலைக் காட்டித்தான் அவருக்கு விற்றார்கள். உங்களுக்குப் பிடித்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டார்.

ரசிகர்கள் கேட்டதைச் செய்து பார்த்த கதையும் இருக்கிறது. போனில் பாருங்கள். சின்ன போன் வேண்டும் என்று வருடக்கணக்காக எழுதினார்கள். ஆப்பிள் 2020இல் 12 மினி, 2021இல் 13 மினி கொண்டுவந்தது. 2022இல் அந்த இடத்தில் பெரிய திரை போன் வந்துவிட்டது. கேட்டவர்கள் எண்ணிக்கையும் வாங்கியவர்கள் எண்ணிக்கையும் ஒன்றாக இல்லை. ராயல் என்ஃபீல்டிலேயே இரட்டை சிலிண்டர் 650 ட்வின் 2018இல் வந்தது. 648 சிசி, 47 குதிரைத்திறன், ரசிகர்கள் கேட்ட பவர், அதுவும் நல்ல விலையில். எல்லாரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் இன்றைக்கும் விற்பதில் பெரும்பகுதி 350தான்.

#16 பழைய_இரும்பு

எல்லாம் சரி. கிக்கரை ஏன் எடுத்தார்கள்? அது யாருக்கு இடைஞ்சல் செய்தது? பட்டனும் இருக்கட்டும், கிக்கரும் ஓரமாக இருக்கட்டுமே. நடுக்காட்டில் பேட்டரி செத்தால் என்ன செய்வது?

#17 ஸ்பேனர்12

நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அண்ணே, இது இஞ்செக்ஷன் வண்டி. பெட்ரோல் பம்புக்கும் இசியுவுக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி முழுசாகச் செத்துவிட்டால் கிக்கர் இருந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. காஸ்ட் அயர்னில் கார்புரேட்டருக்குக் கரண்ட் வேண்டாம், பெட்ரோல் தானாக இறங்கும். அதனால் கிக்கருக்கு அர்த்தம் இருந்தது. இப்போது வைத்தால் அது அலங்காரம்தான்.

#18 பழைய_இரும்பு

டேங்கில் தங்கக் கோடு அலங்காரம்தானே? அதை மட்டும் இன்னும் கையால் போடுகிறார்கள்.

#19 வரைபலகை

நல்ல அடி. ஆமாம், சில மாடல்களில் இன்றும் தூரிகையால் கையில் போட்ட கோடுதான். பலர் அதை ஸ்டிக்கர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், விளம்பரத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அலங்காரத்தில்கூட எது செலவு குறைவு, எது கதை சொல்லும் என்ற கணக்கு இருக்கிறது. கிக்கர் என்றால் உள்ளே பல்சக்கரம், ஷாஃப்ட், கேஸில் ஓர் ஓட்டை, அங்கே ஓர் ஆயில் சீல், சோதனைச் செலவு. கோட்டுக்கு ஒரு தூரிகையும் ஒரு நல்ல கையும் போதும்.

#20 புதுவண்டி

எல்லாம் படித்தேன். சைலன்சர் மாற்றிய ஆட்களில் நானும் ஒருவன், மன்னிக்கவும் ஸ்பேனர் அண்ணா. ஒரிஜினலைத் திரும்ப மாட்டப்போகிறேன்.

ஒரு கேள்வி. செகண்ட் ஹேண்டில் ரைட் கியர் வண்டி ஒன்று வருகிறது. எடுக்கலாமா?

#21 ஸ்பேனர்12

டீக்கடையில் நிறுத்திப் போட்டோ எடுக்கவா, ஓட்டவா?

#22 புதுவண்டி

முதலில் போட்டோ என்றுதான் நினைத்தேன். இப்போது அந்த இடைவெளியைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

#23 ஆம்ப்மீட்டர்

அவசரப்பட்டு எடுக்காதே தம்பி. இடது கியரில் பழகிய காலோடு டிராஃபிக்கில் போனால் ஆபத்து, அதை வரைபலகை சார் சொன்னபிறகு எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்லை. முதலில் என் வண்டியைத் தொட்டுப் பார். ஞாயிறு காலை 6 மணிக்கு எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்கு வா. முகவரி தனி மடலில் தருகிறேன். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரலுக்குத் தனி லீவர் உண்டு, குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் போதும். காலி மைதானத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் கால் கொஞ்சம் குழம்பும், அப்புறம் பழகும்.

மழைத்துளி, உங்களையும் கூப்பிடுகிறேன். தவறாக நினைக்காவிட்டால் வாருங்கள். சடங்கு உங்களுக்குத் தெரியும், கால் மட்டும்தான் வைக்கவில்லை. என் மகளும் வருவாள், அவளுக்கும் அன்றைக்குத்தான் முதல் கிக்.

#24 மழைத்துளி

வருகிறேன் அண்ணா. அப்பாவையும் கூட்டிவரலாமா? பார்க்கட்டும்.

#25 ஸ்பேனர்12

கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு வாருங்கள், செருப்போடு யாரும் கிக் பக்கம் போகக் கூடாது. நானும் வருகிறேன். ஸ்க்ரூடிரைவர் எடுத்து வருகிறேன், ஆம்ப்மீட்டர் அண்ணன் ஐடிலை ரொம்ப இறக்கி வைத்திருப்பார் என்று சந்தேகம்.